ஊரணிக் கல்லில் ஒரு லெட்

மதுரை திருநகரில் இங்கிலீஷ் ஞானம் சார் என்றால் தெரியாதவர் கிடையாது. மிஷன் பள்ளியில் முப்பத்தாறு வருஷம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது பள்ளியிலிருந்துதான், ஆங்கிலத்திலிருந்து அல்ல. மூன்றாவது பஸ் ஸ்டாப்பு பேக்கரியின் போர்டில் ஓர் எழுத்து பிசகியிருந்தால் உள்ளே போய் அதைச் சொல்லிவிட்டுத்தான் பன் வாங்குவார். கோர்ட் நோட்டீஸ், வெளிநாட்டுக் கம்பெனியின் வேலை உத்தரவு, மருமகன் வீட்டார் இங்கிலீஷில் அனுப்பிய சண்டைக் கடிதம், எதுவானாலும் அக்கம்பக்கத்தார் அவர் வீட்டு கேட்டைத்தான் தட்டுவார்கள். மனுஷன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரே வாசிப்பில் அர்த்தம் சொல்லிவிடுவார். இரண்டாவது தடவை வாசிப்பதை அவர் கௌரவக் குறைச்சலாகவே நினைத்தார். அந்த ஒரே வாசிப்புதான் கடைசியில் அவருக்கு வினையாக வந்து சேர்ந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். பாண்டிச்செல்வி வந்தாள். அதே மூன்றாவது ஸ்டாப்பில் ஆன்லைன் சென்டர் வைத்திருப்பவள். பாஸ்போர்ட், பான் கார்டு, பட்டா, எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பாள். போன வருஷம் சாரும் அவர் மனைவி சலோமியும் மெல்போர்னில் இருக்கும் மகள் ஆன்சியைப் பார்க்கப் போனபோது பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தது அவள்தான். ஒவ்வொரு எழுத்தின் கீழும் பென்சில் முனையை வைத்து வைத்து வாசிப்பாள். சாருக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி என்ன வாசிப்பு அது என்று சலோமியிடம் சொல்லிக்கூட இருக்கிறார்.

"வாம்மா. என்ன, பாஸ்போர்ட்ல எதும் கோளாறா?"

"அதுல இல்ல சார். ஆனா அதையும் எடுத்து வைங்க, வேணும்" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து மேஜை மேல் வைத்தாள். "இது உங்க கையெழுத்தா சார்?"

சார் பார்த்தார். அவர் கையெழுத்தேதான், வாலைச் சுழித்து, கீழே ஒரு கோடு போட்டு. தேதி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு. மேலே இரண்டே வரி: 'கல்வெட்டின் மொழிபெயர்ப்பு: கிழக்குத் தெருவினரை இந்நீர்நிலைக்குள் எவரும் அனுமதிக்கலாகாது.' மங்கலாக ஞாபகம் வந்தது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் ஒரு தாளில் கல்லெழுத்தை எழுதிக்கொண்டு வந்தார்கள். காப்பி ஆறுவதற்குள் மொழிபெயர்த்துக் கொடுத்து, பள்ளி முத்திரையும் குத்தி அனுப்பினார். 'அனுமதிக்கலாகாது' என்ற சொல் அன்றைக்கு அவருக்கே பிடித்துப்போயிருந்தது.

"என்னுதுதான். இதுக்கென்ன?"

"இது தப்பு சார்."

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்சி நின்றது. சலோமி எட்டிப் பார்த்தார். அந்த வீட்டுக்குள் வந்து ஞானம் சாரின் இங்கிலீஷைத் தப்பு என்று சொன்ன ஜீவன் அதுவரை ஒன்றுகூட இல்லை. சாருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. இருந்தாலும் பெண்பிள்ளை, நமக்கு உபகாரம் செய்தவள் என்று அடக்கிக்கொண்டு, "உக்காரு. என்ன விஷயம்னு முதல்லருந்து சொல்லு" என்றார்.

அவள் சொன்னாள். அவளுக்குச் சொந்த ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே வாகையேந்தல். ஊருக்கு நடுவில் ஓர் ஊரணி. தாது வருஷப் பஞ்சம் முடிந்த கையோடு யாரோ ஒரு துரை கூலிக்கு ஆள் வைத்து வெட்டியது. கரையில் இங்கிலீஷில் ஒரு கல் நட்டுவிட்டுப் போய்விட்டார். வெட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் கிழக்குத் தெருக்காரர்கள், அன்றைக்கு ஒரு குழி நிலம்கூட இல்லாத கூலிகள். ஆனால் தண்ணீர் எடுத்ததெல்லாம் மேற்குத் தெரு. கேட்டால் கல்லைக் காட்டுவார்கள். இப்போது கிழக்குத் தெருவில் காலேஜ் முடித்தவர்கள் இருக்கிறார்கள், காடுகரை வாங்கியவர்கள் இருக்கிறார்கள். குடிக்கிற தண்ணீருக்கு மட்டும் லாரியைப் பார்த்து நிற்கிறார்கள், ஏனென்றால் போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு.

"இப்ப கவர்மெண்டுல ஊரணியத் தூர்வாரி, சுத்தி கம்பிவேலி போட்டு, படி கட்டப் போறாங்க சார். மேக்க மட்டும் படி, மேக்க மட்டும் கேட்டு. நாங்க கெழக்கயும் படி வேணும்னு மனுக் குடுத்தோம். பொது ஊரணின்னா யாரையும் மறிக்க முடியாது, சட்டம் இருக்கு. அதனால அவங்க பொதுவே இல்லங்கறாங்க. மேற்குத் தெருவுக்குன்னே துரை எழுதி வச்சதாம். அதுக்கு ஆதாரம் அந்தக் கல்லு. கல்லுக்கு ஆதாரம் உங்க கையெழுத்து. வர்ற வியாழக்கிழமை உசிலம்பட்டி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல முடிவு."

போனை நீட்டினாள். கல்லின் படம். சார் வழக்கம்போல் கடகடவென்று வாசித்தார். "நோ மேன் ஷல் லெட் த பீப்பிள் ஆஃப் த ஈஸ்ட் ஸ்ட்ரீட் இன் தேர் கமிங் டு திஸ் வாட்டர். இதுல என்னம்மா சந்தேகம்? 'லெட் இன்'னா உள்ள விடறது. நோ மேன் ஷல்னா எவனும் கூடாது. கிழக்குத் தெருவை எவனும் உள்ள விடக்கூடாது. எனக்கே வருத்தமாத்தான் இருக்கு. அதுக்காக அர்த்தத்தை மாத்த முடியுமா?"

"லெட்டுக்குப் பின்னால என்ன சார் வரும்?"

"வெறும் வினை. முன்னால டூ போடக்கூடாது, பின்னால இங் போடக்கூடாது. லெட் ஹிம் கோ. லெட் தெம் கம்" என்று சார் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய பாடத்தை ஒப்பித்தார். இதைத் தப்பாக எழுதிய பிள்ளைகளை நூறு தடவை எழுத வைத்தவர் அவர்.

"அப்ப இதுல ஏன் சார் கமிங்னு இருக்கு? அதுக்கு முன்னால தேர்னு வேற ஒண்ணு நிக்குதே. உள்ள விடறதுன்னா 'லெட் தெம் இன்'னு முடிஞ்சிருமே. 'அவங்களோட வருகையில'ன்னு எதுக்கு இழுத்திருக்காரு?"

சார் போனைக் கையில் வாங்கினார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். முப்பத்தாறு வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்ட விதி, ஒரு கல்லில் தலைகீழாகக் கிடந்திருக்கிறது. அதைக் காப்பி குடித்துக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறார்.

"கல்தச்சன் தப்பாக் கொத்தியிருப்பான்" என்றார், சமாளிப்பாக.

"நானும் அப்படித்தான் சார் நெனச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப உங்க பாஸ்போர்ட்டைத் தெறங்க. மொதப் பக்கம்."

சலோமி எடுத்து வந்து கொடுத்தார். பாண்டிச்செல்வி ஒரு வரியின் கீழே பென்சிலை வைத்தாள். இந்தப் பாஸ்போர்ட்டுக்காரரை 'விதவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' தாராளமாகப் போகவிட வேண்டும் என்று இருந்தது. சார் இதைப் பார்த்திருக்கிறார். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அச்சடித்த மந்திரம் என்று விட்டுவிடுவதுதானே வழக்கம்.

"போன மாசம் துபாய் போற ஒரு அண்ணன் வந்தாரு. 'தங்கச்சி, லெட்னா விடு. விதவுட் லெட்னா விடாமன்னு அர்த்தம். அப்ப என்னை விடாதேன்னு பாஸ்போர்ட்டுலயே அடிச்சுக் குடுத்துட்டாங்களா, ஏர்போர்ட்ல பிடிச்சு வச்சுருவாங்களா'ன்னு ஒரே புலம்பல். சிரிச்சுட்டேன். சிரிச்சுட்டு யோசிச்சா, எனக்கும் பதில் தெரியல. எம்புட்டுப் பாஸ்போர்ட்டுக்குப் போட்டிருப்பேன், தெரியலன்னா அசிங்கமில்லையா சார்? தேடிப் பாத்தேன். அதுல லெட்னா தடை. பழைய இங்கிலீஷ்ல லெட்னு இன்னொரு வினை இருந்திருக்கு. அதுக்கு அர்த்தம் விடு இல்ல. தடு."

சார் எழுந்து போய்த் தன் தடிமனான அகராதியைத் தூக்கி வந்தார். 'லெட்' என்று முதலில் இருந்த பதிவு இரண்டு பத்தி நீளம். விடு, அனுமதி, வாடகைக்குக் கொடு. அதற்குக் கீழே, அவர் ஒருநாளும் இறங்கிப் பார்க்காத இடத்தில், இரண்டாவது 'லெட்'. வேறு வேர்ச்சொல். வழக்கொழிந்த வினை. தடு, குறுக்கே நில், இடைஞ்சல் செய். 'ஒருவரை அவர் போக்கில் லெட் செய்வது' என்று உதாரணமும் போட்டிருந்தது. இரண்டு வெவ்வேறு சொற்கள் நாள்பட நாள்பட ஒரே உச்சரிப்புக்கு வந்து, ஒன்று மற்றொன்றை விழுங்கிவிட்டிருக்கிறது. நம் ஊரில் நாற்றம் என்றால் ஒரு காலத்தில் நல்ல வாசனை, இன்றைக்கு அப்படிச் சொன்னால் அடிக்க வருவார்கள். இது அதற்கும் மேலே. எழுத்தும் ஒன்றே, ஒலியும் ஒன்றே, அர்த்தம் மட்டும் நேர் எதிர்.

"கிழக்குத் தெரு மக்கள் இந்தத் தண்ணிக்கு வர்றதை எவனும் தடுக்கக்கூடாது" என்று சார் மெல்லச் சொன்னார். சொல்லிவிட்டு அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தார். பி.காம். படித்தவள். இங்கிலீஷில் ஒரு பேப்பர் அரியர் வைத்து எழுதியவள் என்று அவளே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொண்ட ஒரே காரணத்தால் இவள் எட்டிப் பிடித்ததை, தெரியும் தெரியும் என்று திரிந்த நாம் கோட்டைவிட்டோமே என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமும் பிரமிப்பும் ஒன்றாக வந்தன. வெட்கம்தான் கொஞ்சம் கூடுதல்.

"எப்படிம்மா இதைப் பிடிச்ச?"

"ஒரு எழுத்து மாறுனா ஒரு ஆளு மூணு மாசம் அலையணும் சார். அதனால தெரியாத வார்த்தைய நான் தாண்டுறதில்ல" என்றாள். பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். "நான் போய்ச் சொன்னா, சென்டர் நடத்துற பொண்ணு என்னமோ உளறுதுன்னுருவாங்க. எழுதுன நீங்களே வந்து தப்புன்னு சொன்னாத்தான் நிக்கும். வருவீங்களா சார்?"

வருகிறேன் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். அந்த மனுஷன் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்மா" என்றார். நியாயத்தை யோசிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? யோசிக்க வேண்டியிருந்தது பெயரைப் பற்றித்தான். இங்கிலீஷ் ஞானத்துக்கு லெட் தெரியாது என்று நாளைக்கு ஊரே சிரிக்கும். அவரிடம் படித்தவர்கள் வக்கீலாக, டாக்டராக, பேங்க் மேனேஜராக மதுரை முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருடைய போனும் ஒரே நாளில் ஒரே சேதியைக் கொண்டுபோகும்.

"யோசிங்க சார். வாரேன்" என்று அவள் போய்விட்டாள். கெஞ்சவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

அன்று மத்தியானமே இன்னொரு போன் வந்தது. பேசியது கண்ணுச்சாமி, மேற்குத் தெருவின் பெரிய தலை. எண்பத்தாறில் காப்பி குடித்துவிட்டுப் போன இரண்டு பேரில் இளையவர் அவர்தான். "சார், நல்லாருக்கீங்களா? ஒண்ணுமில்ல, வியாழக்கிழமை நம்ம ஊரணி விசாரணை. நீங்க எழுதிக் குடுத்த பேப்பருதான் எங்களுக்குத் தெய்வம் மாதிரி. ஆபீசர் கேட்டா, ஆமா என் கையெழுத்துதான், சரியாத்தான் எழுதியிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அம்புட்டுத்தான். காரு அனுப்புறேன். உங்க இங்கிலீஷை எவன் சார் மறுத்துப் பேசுவான்?"

அந்தக் கடைசி வாக்கியம் இருக்கிறதே, அது சாரின் காதுக்கு அப்போதும் இனிக்கத்தான் செய்தது. அதற்காகத் தன் மீதே அவருக்கு எரிச்சல் வந்தது. "காரு வேண்டாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

சலோமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றார் தட்டில் சோற்றைப் போட்டபடி. "ஆனா சறுக்குன ஆனை, சறுக்கலன்னு சாதிச்சு நான் பாத்ததில்ல."

மறுநாள் புதன்கிழமை, வீட்டில் பெட்ரோல் பங்க் வரை போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு போய் உசிலம்பட்டி பஸ் ஏறினார். ஒருவரைப் பற்றித் தீர்ப்பு எழுதிவிட்டு அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் இருந்திருக்கிறோமே, அந்தக் கல்லையாவது ஒரு தடவை பார்ப்போம் என்று தோன்றியது. செக்கானூரணி தாண்டியதும் இரண்டு பக்கமும் மானாவாரிக் காடு. மழைக்குக் காத்துக் கிடந்தது. உசிலம்பட்டியில் இறங்கி டவுன் பஸ் மாறி வாகையேந்தல் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

கல் அவர் நினைத்ததைவிடச் சின்னது, இடுப்பளவுகூட இல்லை. பக்கத்தில் வேப்பமர நிழலில் நின்று ஆடுகளுக்குக் குழை ஒடித்துக்கொண்டிருந்த ஒருவர், "யாரு சார், சர்வேக்கு வந்தீங்களா?" என்று கேட்டார். பேர் வீரணன். பேச்சுக் கொடுத்ததில் பாண்டிச்செல்வியின் அப்பா என்று தெரிந்தது. சார் தான் யாரென்று சொல்லவில்லை. கல்லைப் பார்க்க வந்தேன் என்று மட்டும் சொன்னார்.

"நல்லாப் பாருங்க. அதுதான் எங்களை நூத்தி நாப்பது வருசமா நிறுத்தி வச்சிருக்கு" என்றார் வீரணன். "எண்பத்தாறுல நாங்க இளவட்டங்களாச் சேந்து கேஸு குடுத்தோம் சார். அடி வாங்குனாலும் பரவால்லன்னு நின்னோம். தாசில்தாரு விசாரிச்சாரு. அப்ப மதுரையிலருந்து ஒரு பெரிய வாத்தியாரு, இங்கிலீஷ்ல பெரிய படிப்பாளியாம், கல்லுல என்ன இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாரு. உங்களை விடக்கூடாதுன்னுதான் போட்டிருக்குன்னு. அதுக்கு மேல என்ன பேச? அந்தாளுக்கு எங்க மேல என்ன பகை, அவரு எதுக்குப் பொய் சொல்லணும்? நெசமாத்தான் இருக்கும்னு நாங்களே கேஸை வாபஸ் வாங்கிட்டோம்."

ஞானம் சார் குனிந்து கல்லின் எழுத்துகளை விரலால் தடவினார். எல்.ஈ.டி. மூன்றே எழுத்து, நன்றாக ஆழமாகக் கொத்தியது. தச்சன் ஒரு தப்பும் செய்யவில்லை. அடிக்குப் பயப்படாதவர்கள் தன் கையெழுத்துக்குக் கட்டுப்பட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. "வெயில்ல நிக்கிறீங்களே சார், வீட்டுல மோர் குடிச்சுட்டுப் போங்க" என்றார் வீரணன். சார் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பஸ் வரும் முன்பே பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.

வியாழக்கிழமை பதினோரு மணி. ஆர்.டி.ஓ. அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். மேஜைக்கு ஒரு பக்கம் கண்ணுச்சாமியும் மேற்குத் தெருக்காரர்கள் நாலைந்து பேரும். மறுபக்கம் வீரணனும் பாண்டிச்செல்வியும் அவர்கள் ஆட்களும். ஞானம் சார் உள்ளே நுழைந்ததும் கண்ணுச்சாமி எழுந்து தன் பக்கம் நாற்காலி இழுத்துப் போட்டார். வீரணன் திகைத்துப்போய் மகளைப் பார்த்தார். நேற்று ஊரணிக்கரையில் நின்ற மனுஷன் யாரென்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. சார் அந்த நாற்காலியில் உட்காரவில்லை, நின்றபடியே இருந்தார்.

ஆர்.டி.ஓ. பழைய தாளை எடுத்தார். "இது உங்க கையெழுத்தா சார்?"

"ஆமாம்மா."

"மொழிபெயர்ப்பு சரிதானே?"

கண்ணுச்சாமி சிரித்த முகத்தோடு காத்திருந்தார்.

"தப்பு" என்றார் ஞானம் சார். "கொஞ்சம் தப்பு இல்லம்மா. முழுசா, தலைகீழாத் தப்பு."

அப்புறம் அவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. இரண்டு லெட் உண்டு என்று சொன்னார். தனக்கு ஒன்றுதான் தெரியும், இரண்டாவது இருப்பதே தெரியாது என்று சொன்னார். பாஸ்போர்ட்டை விரித்துக் காட்டினார், அகராதிப் பக்கத்தின் ஜெராக்ஸை வைத்தார், கமிங் என்பது ஏன் அங்கே நிற்கிறது என்று வகுப்பெடுத்தார். "இதை நான் கண்டுபிடிக்கல. இந்தப் பாண்டிச்செல்வி கண்டுபிடிச்சது. நான் அஞ்சு நிமிஷத்துல எழுதுனதை இந்தப் பிள்ளை ஒரு மாசம் உக்காந்து பாத்திருக்கு. இங்கிலீஷ் இதுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது" என்று முடித்தார். இத்தனை காலம் பயந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்தும் கூரை இடிந்து விழவில்லை. சும்மா சொல்லக்கூடாது, அந்த வயதில் அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

"சாருக்கு வயசாயிருச்சும்மா. யாரோ மனசைக் கலைச்சுட்டாங்க" என்றார் கண்ணுச்சாமி. ஆர்.டி.ஓ. தன் போனில் அந்தச் சொல்லைத் தேடினார். நிதானமாக வாசித்தார். பிறகு போனையே கண்ணுச்சாமி பக்கம் திருப்பி வைத்தார். கண்ணுச்சாமியும் டிகிரி படித்தவர்தான். குனிந்து வாசித்தார். அவர் முகத்தில் இருந்த கோபம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, அந்த இடத்தில் ஒரு குழப்பம் வந்தது.

"அப்ப இது அவங்களுக்கு எழுதுன கல்லே இல்லையா?" என்றார் தனக்குத்தானே கேட்பதுபோல. "தடுக்காதேன்னு எங்க தெருவுக்கா எழுதியிருக்கு?"

"ஆமா" என்றார் ஞானம் சார். "உங்களுக்குத்தான்."

கண்ணுச்சாமியின் பின்னால் இருந்தவர்கள் ஏதோ முணுமுணுத்தார்கள், அவர் கையமர்த்திவிட்டார். ஆர்.டி.ஓ. கோப்பில் இரண்டு வரி எழுதினார். "இது பொது ஊரணிதான். கிழக்குக் கரையிலயும் படி, கேட் ரெண்டும் வரும். சார், நீங்க புது மொழிபெயர்ப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஃபைல்ல வைக்கணும். கல்லுக்குப் பக்கத்துல தமிழ்லயும் ஒரு பலகை வச்சிரலாம்."

வெள்ளைத் தாளும் பேனாவும் வந்தன. சார் நாற்காலியை இழுத்து மேஜையோடு உட்கார்ந்தார். வீரணன் பக்கத்தில் வந்து நின்றார். நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் என சார் எதிர்பார்த்தார். அவர் கேட்கவில்லை. "சார், இந்தத் தடவை, எங்க பிள்ளைக எந்தக் காலத்துல வந்து படிச்சாலும் ஒரே அர்த்தம் வர்ற மாதிரி எழுதிருங்க" என்றார்.

'அனுமதிக்கலாகாது', 'இந்நீர்நிலை' எதுவும் சாருக்கு வேண்டியிருக்கவில்லை. வாழ்க்கையிலேயே எளிமையான இரண்டு வாக்கியங்களை எழுதினார்: 'கிழக்குத் தெரு மக்கள் இந்தத் தண்ணீருக்கு வரலாம். அவர்களை யாரும் தடுக்கக் கூடாது.' எழுதியதை ஒருமுறை வாசித்தார். இரண்டாவது முறையும் வாசித்தார். அப்படியும் கையெழுத்துப் போடாமல், தாளைப் பாண்டிச்செல்வியிடம் நீட்டினார். "பாரும்மா. எதும் பிழை இருக்கா?"

அவள் பென்சிலை எடுத்து ஒவ்வொரு எழுத்தின் கீழும் வைத்து வைத்து வாசித்தாள். சாருக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. பென்சில் முதல் வாக்கியத்தின் கடைசியில் போய் நின்றுவிட்டது.

"இந்த மொத வரி கல்லுல இல்லையே சார்."

"அர்த்தம் அதுதானேம்மா. தடுக்கக்கூடாதுன்னா வரலாம்னுதானே?"

"இல்ல சார். வரலாம்னு போட்டா, யாரோ எங்களுக்கு அனுமதி குடுக்குற மாதிரி ஆயிரும். அது விடுங்கற லெட்டு. குடுத்தவங்க நாளைக்குத் திருப்பி வாங்கிக்கலாம். துரை எங்களை வாங்கன்னும் சொல்லல, வராதீங்கன்னும் சொல்லல. நாங்க வர்றது வர்றதுதான். அதைத் தடுக்காதன்னு மத்தவங்களுக்குத்தான் சொல்லியிருக்காரு."

ஆர்.டி.ஓ. பேனாவை மூடி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். ஞானம் சார் தாளைத் திரும்ப வாங்கினார். கிழக்குத் தெரு மக்களுக்குத் தான் கொடுக்கவிருந்த அனுமதியைப் பேனாவால் அழுத்தி அடித்தார். பிறகு கீழே மீதமிருந்ததைச் சரிசெய்து எழுதினார்: 'கிழக்குத் தெரு மக்கள் இந்தத் தண்ணீருக்கு வருவதை யாரும் தடுக்கக் கூடாது.' மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் பாண்டிச்செல்வியைக் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டு, அதற்குக் கீழே, 'சரிபார்த்தவர்' என்று இல்லாமல் 'சரிபார்க்கப்பட்டவன்' என்று எழுதித் தன் பெயரைப் போட்டார்.